திட்டத்தில் ஒரு சிறு மாற்றம்

ஜனவரி 20

அன்புள்ள சென்டத்துக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். உன் இருமல் நின்றதா? அறைத்தோழி இன்னும் ஜன்னலைத் திறந்துபோட்டுத்தான் தூங்குகிறாளா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் என்பது பொதுக்கூட்டம். ஸ்பீக்கரில் போடாவிட்டால் அப்பா கோபித்துக்கொள்கிறார். போட்டால் நடுவில் புகுந்து அவரே பேசி முடிக்கிறார். அவர் காதில் விழக் கூடாததற்கு இனிமேல் தபால்தான். பதிலை நான் வேலை பார்க்கும் லேப் முகவரிக்குப் போடு.

விஷயம் இதுதான். முதுகலை நுழைவுத் தேர்வை இந்த அக்டோபரில் எழுதப் போகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் பேசிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். முதலில் நீ போய் எம்.எஸ்சி. முடிப்பது, பிறகு நீ வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ள, நான் போவது. நீ எம்.எஸ்சி. முடித்தாய், அப்படியே ஆராய்ச்சியிலும் சேர்ந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த வருடம் மார்ச்சில் எனக்கு முப்பத்திமூன்று முடிகிறது. அதற்குப் பிறகு உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அது இல்லாமல் என்னால் படிக்க முடியாது. ஆக, இந்த ஒரு தடவைதான்.

தேர்வு என்றால் நம் வீட்டில் நீதான். எனக்கு ஒரு படிப்புத் திட்டம் போட்டுக் கொடு. எந்த வாரம் எதைப் படிப்பது என்று நீ சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு படிப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
பாஸ்மார்க்


பிப்ரவரி 4

என் அருமை அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது, ஜன்னல் மட்டும் இன்னும் மூடவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டிலில் ஏறிக் குதித்தேன். கடைசியில் உனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்பா நமக்குப் பெயர் வைத்த காலத்தில் நான் எதற்கெடுத்தாலும் நூற்றுக்கு நூறு வாங்கினேன், நீ பாஸ் பண்ணினால் போதும் என்று விளையாடப் போனாய். அந்தப் பெயரை இந்த அக்டோபரில் மாற்றிவிடுவோம்.

திட்டத்தைத் தனித்தாளில் போட்டிருக்கிறேன். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள். ஜூன் வரை கணக்கு மட்டும், உன் பலவீனம் அதுதான். பிறகு ஆங்கிலம். நுண்ணுயிரியல் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், தினமும் கிருமிகளோடுதானே குடித்தனம் நடத்துகிறாய். மாதிரித் தேர்வை மட்டும் செப்டம்பர் வரை தொடவே தொடாதே. அரைகுறையாக எழுதினால் மார்க்கைப் பார்த்து மனம் உடைந்துவிடும்.

இன்னொன்று, அப்பாவிடம் மூச்சு விடாதே. நீ போகப் போகிறாய் என்று தெரிந்தால் அவர் ஒடிந்துவிடுவார். நீ தயாராகு. நான் வருவது என் பொறுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் செல்லத் தங்கை
சென்டம்


மார்ச் 12

அன்புள்ள சென்டத்துக்கு,

நாங்கள் நலம். உன் ஆய்வு நல்லபடியாகப் போகும் என்று நம்புகிறேன்.

திட்டத்தை ஒட்டியாகிவிட்டது. அப்பா சமையலறைப் பக்கம் வருவதில்லை, வந்தாலும் கைத்தடியோடு அலமாரிக் கதவைத் திறக்க முடியாது. புத்தகங்கள் என் வெள்ளைக் கோட்டுகளுக்கு அடியில் இருக்கின்றன. லேபில் ரத்த மாதிரிக் குழாய்களை இயந்திரத்தில் போட்டுச் சுழல விடும் நேரத்தில் ஒரு கணக்குப் போடுகிறேன். இயந்திரம் நிற்பதற்குள் விடை வந்தால் எனக்கு வெற்றி. பெரும்பாலும் இயந்திரம்தான் ஜெயிக்கிறது.

மாலையில் அப்பாவுக்குக் கைப்பயிற்சி, குளியல், சாப்பாடு. நல்லவேளையாக இப்போதெல்லாம் அவருக்குச் சீக்கிரமே தூக்கம் வந்துவிடுகிறது. எட்டு மணி செய்தியைக்கூடப் பார்க்காமல் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். பிறகு வீடு என்னுடையது.

ஒரு சந்தேகம். கணக்கிலேயே இத்தனை மாதம் போனால் மற்றதற்கு நேரம் போதுமா? போன ஞாயிறு ஆசைக்கு நுண்ணுயிரியல் கேள்விகள் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். சரசரவென்று வந்தது. அதை முன்னால் கொண்டுவந்து, கணக்கைக் கொஞ்சம் குறைத்துத் திட்டத்தை மாற்றித் தருகிறாயா?

குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே.

உன்
பாஸ்மார்க்


மார்ச் 28

என் அருமை அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவின் கை இப்போது எதுவரை உயருகிறது?

மாற்றிய திட்டம் இதோடு இருக்கிறது. ஆனால் நீ கேட்டபடி இல்லை. நுண்ணுயிரியல் சரசரவென்று வருகிறது என்றால் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது சோம்பேறிகள் செய்வது. (கோபித்துக்கொள்ளாதே.) கடிதத்தோடு நீ வைத்திருந்த கணக்குத் தாளில் பின்னங்களிலேயே தடுமாறியிருக்கிறாய். ஆகவே பள்ளிக் கணக்கிலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன். கணக்கு ஆகஸ்ட் வரை போகும்.

அவசரப்படாதே, அக்கா. அவசரப்பட்டால் மொத்தமும் கெடும். உனக்கு எது நல்லதோ அதைத்தான் யோசிக்கிறேன்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சென்டம்


மே 30

அன்புள்ள சென்டத்துக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

இடையில் எழுதவில்லை. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி. போனில் உன்னிடம் அவர் “தரையைச் செக் பண்ணிப் பாத்தேன், ஸ்ட்ராங்காத்தான் இருக்கு” என்று சொல்லிச் சிரித்தாரே, அதுதான். மூன்று வாரம் தூக்கிப் படுக்க வைத்து, தூக்கி உட்கார வைத்து, எனக்கும் முதுகு போய்விட்டது. படிப்பும் அப்படியே நின்றது. பள்ளிக் கணக்கில் வட்டியிலேயே இருக்கிறேன். மீதி வாரங்களுக்குத் தகுந்த மாதிரி திட்டத்தைச் சுருக்கிக் கொடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வகுப்பு ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. என் படிப்பு முடியும்வரை, ஒரு வருட விடுப்புக்கு உன் பேராசிரியரிடம் பேசிவிட்டாயா? போனில் கேட்க வழியில்லை. ஆராய்ச்சியை இடையில் நிறுத்திவைக்க முடியும் என்று அதில் சேரும்போது நீதான் சொன்னாய்.

மழையில் நனையாதே.

உன்
பாஸ்மார்க்


ஜூன் 21

என் அருமை அக்காவுக்கு,

அப்பா விழுந்தது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நல்லவேளை, நீ பக்கத்தில் இருந்தாய். அவருக்கு உன் கைதான் பழக்கம்.

அக்கா, நேராகவே சொல்கிறேன். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் அக்டோபருக்கு முடியாது. நீ எழுதித் தோற்றுப்போவதை என்னால் பார்க்க முடியாது. அடுத்த ஏப்ரலில் இதே தேர்வு மறுபடி வருகிறது. அதற்கு ஏற்றபடி திட்டத்தை நீட்டியிருக்கிறேன். இப்போது கணக்குக்கு டிசம்பர் வரை இடம் கிடைக்கிறது. வயதைப் பற்றியும் கவலைப்படாதே. விசாரித்ததில், வேலையில் இருப்பவர்களுக்குத் தளர்வு கொடுப்பார்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார்.

நிதானமாகப் படி. அப்பாவை விசாரித்ததாகச் சொல். சொல்ல வேண்டாம், கடிதம் வந்தது தெரிந்துவிடும்.

சென்டம்


ஜூலை 5

தங்கைக்கு,

சுகம்.

தேர்வு அலுவலகத்துக்கு லேபிலிருந்து போன் செய்து கேட்டேன். வயதில் தளர்வு எதுவும் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை என்றார்கள். உன்னிடம் சொன்ன அந்த ஒருவர் யார்?

விடுப்பைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கடிதத்தை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்.

அக்கா


ஆகஸ்ட் 24

தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்பது போனில் தெரிகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாய். என் கடிதம் மட்டும் உனக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது.

போன வாரம் அலமாரிக் கதவில் உன் பழைய திட்டத்தைக் கிழித்துவிட்டு, நீட்டிய திட்டத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். கையில் வேறு திட்டம் இல்லாததால் வேண்டா வெறுப்பாகத்தான் ஒட்டினேன். பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. கதவை மூடுவதற்குள் அப்பா வாசற்படிக்கு வந்துவிட்டார். “எத்தனாவது தடவைம்மா மாத்தறே?” என்று கேட்டார்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளைக் கேட்டு வாங்கி முழுவதும் படித்தார். பஸ் டிப்போவில் வாழ்நாள் முழுக்க டைம் கீப்பராக இருந்தவர் அல்லவா, அட்டவணையைப் பார்த்தால் விடமாட்டார். படித்துவிட்டுச் சொன்னார்: “வண்டி லேட்டா வந்தா அட்டவணையைத் திருத்தக் கூடாது. வண்டி எங்க நின்னுச்சுன்னு கேக்கணும்.”

அதன் பிறகுதான் எல்லாம் வந்தது. நான் தேர்வு எழுதப் போவது அவருக்கு ஜனவரியிலிருந்தே தெரியுமாம். கோட்டுகளுக்கு அடியில் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். உடனே, நான் லேபில் இருந்தபோது, உனக்குப் போன் செய்து, நீ ஒரு வருடம் வந்து இருந்தால் பெரியவள் போய்ப் படிப்பாள் என்று அவரே கேட்டிருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவில்லாவிட்டால் அவருக்கு இருக்கிறது. “அவ இன்னும் ரெடியாகலைப்பா. அவசரப்படுத்தாதீங்க, தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க, பதறிடுவா. ரெடியானதும் நானே வர்றேன்.” அவர் அதை அப்படியே நம்பினார். நம் வீட்டில் நீ சொன்னால் யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் எட்டு மாதம் ஓட்டினேன்.

அவருக்குத் தூக்கம் வருகிறது என்று உனக்கு எழுதினேனே, தூக்கமெல்லாம் வரவில்லை. நான் படிக்கட்டும் என்று டிவியை அணைத்துவிட்டு இருட்டில் சும்மா படுத்துக் கிடந்திருக்கிறார். இந்தப் பக்கம் நான் அவர் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று தாளைக்கூடச் சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டிருந்தேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தால் வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை, நீ தொடவே கூடாது என்ற மாதிரித் தேர்வை எழுதினேன். அப்பா பழைய டிப்போ கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கணக்கில் சொற்ப மார்க். நுண்ணுயிரியலில் அள்ளிக்கொண்டு வந்தேன். மொத்தத்தில் தேர்ச்சி. பிப்ரவரியிலேயே எழுதியிருந்தாலும் தேறியிருப்பேன் என்று நினைக்கிறேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், அதனால்தான் தொடாதே என்றாய்.

அக்டோபரில் எழுதுகிறேன். இனிமேல் திட்டம் அனுப்ப வேண்டாம்.

அக்கா


நவம்பர் 20

அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

அன்று போனில் அப்பா உன் ரிசல்ட்டைச் சொன்னபோது வாழ்த்துச் சொன்னேன். தேர்ச்சிக்கு மேலே மூன்றே மூன்று மார்க் என்று சொல்லி, “பேரைக் காப்பாத்திட்டா” என்று அவர் சிரித்தார். நீ போன் பக்கம் வரவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன் என்றால் நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம்.

நீ எழுதியது எல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. உட்கார்ந்து சதி செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. ஒவ்வொரு தடவையும் திட்டத்தைக் கொஞ்சம்தான் தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் உன் நல்லதுக்கு என்றே எனக்குத் தோன்றியது. பயந்தேன், அக்கா. அந்த வீட்டுக்கு ஒரு வருடம் என்று வந்தால் அது ஒரு வருடத்தில் முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உன்னைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஆராய்ச்சியில் பாதியில் நிற்கிறேன். இப்போது விட்டால் பேராசிரியர் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். அப்பாவுக்கு ஓர் ஆளைப் போடலாமா? அல்லது உன் சீட்டை ஒரு வருடம் நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டுப் பாரேன். ஒரே ஒரு வருடம்.

உன்
தங்கை


டிசம்பர் 5

தங்கைக்கு,

சுகம்.

சீட்டை நிறுத்திவைக்க முடியாது. ஆள் போட்டால் என் உதவித்தொகையும் உன் உதவித்தொகையும் சேர்ந்து அந்த ஆளுக்குத்தான் போகும், பிறகு நாம் எதைத் தின்பது? ஜனவரி மூன்றாம் தேதி காலை வண்டியில் நான் கிளம்புகிறேன். நீ அதற்கு முன்னால் வந்தால் மருந்து, பயிற்சி, குளியல் எல்லாம் நானே சொல்லித் தருவேன். பிறகு வந்தால் அப்பா சொல்லித் தருவார். இதில் மாற்றம் இல்லை.

பின்னங்களில் தடுமாறுகிறேன் என்றாய். முழுசாக இருப்பதில் ஆளுக்குப் பாதி என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அக்கா


மார்ச் 14

என் அருமை அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? முதுகு தேவலையா?

போனில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். காரணம் உனக்கே தெரியும். நீ பேசி முடித்ததும் அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “பெரியவ ஹாஸ்டல்ல இருந்து பேசினா” என்று மறுபடி முதலிலிருந்து ஒலிபரப்புகிறார். எனக்குச் சமையல் இன்னும் வரவில்லை. “சென்டம், உப்புல பாஸ்கூட ஆகலையே” என்கிறார்.

வேலைகள் பழகிவிட்டன. தூக்குவதுதான் கஷ்டம். நீ எப்படி ஏழு வருடம் தூக்கினாய் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வாய் ஏது? இருந்தாலும் சொல்கிறேன்.

பேராசிரியர் இடத்தை ஜூன் கடைசி வரை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். அதற்குள் பாதியில் நிற்கும் பரிசோதனையை முடித்து இரண்டு அத்தியாயம் கொடுத்துவிட்டால் மீதியை வீட்டிலிருந்தே எழுதலாம். கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார். உனக்கு மே, ஜூன் இரண்டு மாதமும் விடுமுறை என்று அப்பா சொன்னார். அந்த இரண்டு மாதம் மட்டும் நீ வந்து இருந்தால் நான் போய் முடித்துவிட்டு வந்துவிடுவேன். சத்தியமாக வருவேன். உன் வகுப்பு திறப்பதற்கு முன்பே வந்துவிடுவேன்.

அப்பா இப்போது எனக்காக எட்டு மணிக்கே டிவியை அணைத்துவிடுகிறார். அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

பதிலைப் பக்கத்து வீட்டு முகவரிக்குப் போடு.

உன் தங்கை
சென்டம்


மார்ச் 30

என் அருமைத் தங்கைக்கு,

நான் நலம். முதுகுவலி போன இடம் தெரியவில்லை. இங்கே என் மேஜை ஜன்னலோரம் இருக்கிறது. பகல் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், யாரும் கூப்பிடுவதில்லை. முதல் மாதம் அந்த அமைதி பழகாமல் அடிக்கடி எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது பழகிவிட்டது.

உன் கடிதம் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆராய்ச்சியை மறுபடி தொட உனக்கு ஆசை வந்ததே பெரிய விஷயம். ஆனால் விடுமுறையில் இங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு பயிற்சி நடக்கிறது. கட்டாயம் ஒன்றும் இல்லை, ஆனாலும் பெயர் கொடுத்துவிட்டேன். அதனால் உன் திட்டத்தில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம் என்று தோன்றுகிறது. பரிசோதனை எங்கே போகப் போகிறது? இப்போது எழுத முடிந்ததை வீட்டிலிருந்தே எழுது. முதலில் உனக்குக் கடினமான பகுதியை எடுத்துக்கொள், சுலபமானதைக் கடைசியில் பார்க்கலாம். டிசம்பரில் எனக்குத் தேர்வு முடிந்துவிடும், அப்போது பேசுவோம். ஜூன் கெடுவைப் பற்றிக் கவலைப்படாதே. இப்படிப்பட்டவர்களுக்குத் தளர்வு கொடுப்பார்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார்.

அப்பா டிவியை அணைப்பது தூக்கம் வருவதால்தான் இருக்கும். வயதாகிறது அல்லவா? அவரிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, ஒடிந்துவிடுவார்.

அவசரப்படாதே. அவசரப்பட்டால் மொத்தமும் கெடும். உனக்கு எது நல்லதோ அதைத்தான் யோசிக்கிறேன்.

உட்கார்ந்த இடத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இதை எழுதி முடித்துவிட்டேன். இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. உனக்கும் இப்படித்தான் வந்ததா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பாஸ்மார்க்